ரிப்போர்ட்டில் ‘நார்மல்’, பேச்சு மட்டும் பிடிபடவில்லை: எங்கே போகிறது மூளையின் உழைப்பு?

காது பரிசோதனை முடிந்ததும் கையில் கொடுக்கும் ஆடியோகிராம் தாளின் அடியில் ‘இரண்டு காதும் நார்மல்’ என்று எழுதியிருக்கும். பலரும் அதோடு தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் பேசுவது பிடிபடாது, நீண்ட மீட்டிங் முடிந்தால் தலை கனக்கும், டிவியில் பாட்டு தெளிவாகக் கேட்கும், வசனம் நழுவும். “கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்று இவர்கள் சொல்வதைக் கவனக்குறைவு என்றோ பிரமை என்றோ தள்ளிவிடுவதுதான் வழக்கம். அது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடிய விஷயம் அல்ல.

முதலில் அந்த ‘நார்மல்’ எவ்வளவு அகலமானது என்று பார்ப்போம். ஆடியோகிராமில் 0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பொருள் அல்ல. காதில் எந்தக் கோளாறும் இல்லாத இளைஞர்கள் பலரைச் சோதித்து, அவர்களுக்கு மட்டுமட்டாகக் கேட்ட அளவின் நடுமதிப்பைச் சுழியம் என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட நன்றாகக் கேட்பவருக்கு -5, -10 என்றும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் 20 டெசிபலுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்கிறது. 25 வரை இயல்பு என்ற பழைய கணக்கை வைத்திருக்கும் இடங்கள் இன்னும் நிறைய உண்டு. டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால் 0 டெசிபலில் கேட்பவருக்கும் 20 டெசிபலில் கேட்பவருக்கும் இடையே ஒலியழுத்தத்தில் 10 மடங்கு, ஆற்றலில் 100 மடங்கு வித்தியாசம். 25 வரை இயல்பு என்னும் இடத்தில் இருவர் தாளிலும் ஒரே சொல்தான் எழுதப்படும்.

இந்த வித்தியாசம் மூளையில் தெரிகிறதா என்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் யூன் லீயும், ஆர்தர் விங்ஃபீல்டு, ஜொனாதன் பீல் உள்ளிட்ட குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். 18 முதல் 41 வயது வரையிலான 35 பேர். எல்லோருடைய செவித்திறனும் இயல்பு எல்லைக்குள்தான். மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துச் சிறு ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, வாக்கியத்தில் செயலைச் செய்பவர் ஆணா பெண்ணா என்று பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சில வாக்கியங்களின் அமைப்பு எளிது, சில சிக்கலானவை. ‘ராணிக்கு உதவும் ராஜா’ என்பதற்கும் ‘ராணி உதவும் ராஜா’ என்பதற்கும் உள்ள வேறுபாடு போல.

வழக்கமாகப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலையில் மூளையின் இடது பாதிதான் முன்னால் நிற்கும். இந்த இளைஞர்களிலோ, செவித்திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய வலது முன்மூளையின் செயல்பாடு கூடியிருந்தது. வலது பக்கத்தைத் துணைக்குக் கூப்பிடுவது வயதானவர்களிடம் எதிர்பார்க்கிற ஒன்று. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களிடம், அதுவும் ‘நார்மல்’ என்று சான்று பெற்ற காதுகளில், அது தெரிந்ததுதான் இந்த ஆய்வின் சாரம். ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வு. இந்த இளைஞர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் என்று இதிலிருந்து யாரும் நிறுவவில்லை. செய்தித் தலைப்புகள் அங்கே தாவிவிடுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கூடுதலாக உழைத்தால் என்ன, கடைசியில் புரிந்துவிட்டதே என்று கேட்கலாம். செலவு நினைவாற்றலில் தெரிகிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் விங்ஃபீல்டு குழு 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், முதியவர்களுக்குச் சொற்களை வரிசையாக ஒலிக்கவிட்டு, எதிர்பாராத இடத்தில் நிறுத்தி, கடைசியாகக் கேட்ட மூன்று சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். கடைசிச் சொல்லைச் செவித்திறன் சற்றுக் குறைந்தவர்களும் சரியாகவே சொன்னார்கள். ஆகவே சொல் காதில் விழுந்தது உறுதி. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சொற்களில் அவர்கள் பின்தங்கினார்கள். ஒரு சொல்லை அடையாளம் காண்பதற்கே கவனம் செலவாகிவிட்டதால், கேட்டதைப் பதித்து வைக்கும் வேலைக்குப் பாக்கி குறைந்துபோனது. “சொன்னதையே மறந்துடுறார்” என்று வீட்டில் வரும் குற்றச்சாட்டில் ஒரு பங்கு நினைவுக்கோளாறு அல்ல, கேட்கும் உழைப்பின் விலை. கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கணம் தாமதிப்பதும், மாலையானால் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்குவதும் இதே கணக்கில் வருபவை.

மூளை இந்த உழைப்பை நம்மிடம் சொல்வதும் இல்லை. 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தின் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்களுக்கு வாக்கியம் முழுதாகவே கேட்டது. எந்த ஒலி காணாமல் போனது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் வெறும் மௌனத்தை வைத்தால் ஓட்டை பளிச்சென்று தெரிந்துவிடும். அதாவது இரைச்சல் இருக்கும் இடத்தில் மூளை தானாக ஒட்டுப்போடுகிறது, ஒட்டுப்போட்டதை மறைத்தும் விடுகிறது. அதனால்தான் தவறாகக் கேட்டவர் தான் சரியாகக் கேட்டதாகச் சத்தியம் செய்வார்.

சரி, காதுக்குள் எங்கே பிசகுகிறது? ஒவ்வொரு காதின் காக்ளியாவிலும் (நத்தைக்கூடு போன்ற உள்காதுப் பகுதி) உள்வரிசை மயிர்ச் செல்கள் சுமார் 3,500, வெளிவரிசை மயிர்ச் செல்கள் சுமார் 12,000. ஒலியை நரம்புக் குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புவது உள்வரிசை. வெளிவரிசை ஒரு பெருக்கி: மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பதோடு, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைக் கூர்மையாகப் பிரித்தும் கொடுக்கிறது. வெளிவரிசை லேசாக நைந்தால் முதலில் இந்தக் கூர்மை மழுங்கும். அமைதியான அறையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னணி இரைச்சல் வந்தால் அது பேச்சின் அதிர்வெண்களுக்குள் கசிந்துவிடும். சத்தத்தைக் கூட்டினாலும் இரைச்சலும் சேர்ந்தே கூடும். ‘கத்திப் பேசாதீங்க, தெளிவாப் பேசுங்க’ என்று அவர்கள் சொல்வதன் காரணம் இது.

இன்னொரு இடம் உள்வரிசைச் செல்லுக்கும் கேள்நரம்புக்கும் இடையிலுள்ள சினாப்ஸ் என்ற இணைப்பு. பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட சோதனையில், எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் அளவு சில வாரங்களுக்குள் பழையபடி திரும்பிவிட்டது, மயிர்ச் செல்களும் பிழைத்துக்கொண்டன. ஆனால் உயர் அதிர்வெண் பகுதியில் சினாப்ஸ்களில் ஏறத்தாழ பாதி அழிந்துபோயிருந்தன. ஆடியோகிராம் மாதிரியான சோதனை இதைப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. ‘பீப்’ கேட்டதா இல்லையா என்று சொல்ல மிகச் சில நரம்பிழைகளே போதும். 2013இல் சின்சில்லா விலங்குகளில் செய்த ஆய்வில் உள்வரிசைச் செல்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் போன பிறகுதான் அமைதியில் கேட்கும் அளவு சரியத் தொடங்கியது. இரைச்சல் நடுவே பேச்சைப் பிரிக்க அதிக இழைகள் வேண்டும். பலத்த ஒலியிலும் திணறாமல் வேலைசெய்யும் வகை இழைகளே முதலில் அழிவதாகக் கருதப்படுகிறது. ‘மறைந்த செவித்திறன் இழப்பு’ என்று இதற்குப் பெயர். உயிரோடிருக்கும் மனிதரில் இதை உறுதியாகக் காட்டும் பரிசோதனை இன்னும் வரவில்லை. ஆகவே ‘உங்களுக்கு சினாப்ஸ் போய்விட்டது’ என்று அடித்துச் சொல்லி, அதற்கு மாத்திரையும் எழுதித் தருபவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

தமிழ்ப் பேச்சுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன ராஜா ராணி வாக்கியத்தில், ஆங்கிலத்தில் சொற்களின் வரிசை மாறுகிறது. தமிழில் ‘க்கு’ என்ற ஒட்டு மட்டுமே பொருளைத் திருப்புகிறது. யார், யாரை, எப்போது என்ற செய்தியைத் தமிழ் சொல்லின் வாலில் வைக்கிறது. பேசுபவருடைய மூச்சும் குரலும் தணிவது அதே வாலில்தான். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ முழுதாக ஒலிப்பதில்லை, உயிரொலியில் மூக்கொலிச் சாயலாக மட்டும் நிற்கிறது. ‘வந்தாள்’ என்பதோ ‘வந்தா’ ஆகிவிடுகிறது. ‘வந்தால்’ என்பதும் ‘வந்தா’தான். ஆணா, பெண்ணா, நிபந்தனையா என்பது ஒரு மெல்லிய மூக்கொலியிலும் சூழலிலும் தொங்குகிறது. மின்விசிறி, ஏசி, சாலைப் போக்குவரத்து ஆகியவற்றின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிவதால் மூக்கொலியின் தாழ்ந்த பகுதியை நேராக மூடிவிடும்.

இரட்டிப்பு ஒலிகளும் அப்படியே. ‘படு’வையும் ‘பட்டு’வையும் பிரிப்பதில் பெரும்பங்கு நடுவிலுள்ள அடைப்பின் நீளம், அதாவது ஒரு சிறு மௌனம். டைல்ஸ் தரை, காங்கிரீட் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்றிருக்கும் அறையில் முந்தைய உயிரொலியின் எதிரொலி அந்த மௌனத்தை நிரப்பிவிடும். ல, ள, ழ ஆகியவற்றைப் பிரிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் உள்ளன. ச, ஸ போன்ற உரசொலிகள் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. ழகரத்தைப் பேசுபவரே பாதி நேரம் விட்டுவிடுகிறார் என்பதால் அதில் காதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாலும் இரட்டிப்பும் நழுவினால் வாக்கியமே கவிழும்.

இரண்டாம் மொழியில் இழப்பு இன்னும் அதிகம். ஆங்கிலம் சரளமாக வருபவரும் இரைச்சலில் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளத் தாய்மொழிக்காரரைவிடக் கூடுதல் தெளிவு தேவைப்படுகிறவர். ஒட்டுப்போட மூளைக்கு உள்ள கையிருப்பு அந்த மொழியில் குறைவு. வீட்டில் தமிழில் தடையின்றிப் பேசுபவர், ஆபீஸில் ஆங்கில மீட்டிங்கில் மட்டும் தடுமாறுகிறார் என்றால் காதும் மொழியும் சேர்ந்த கணக்காக அதைப் பார்க்க வேண்டும்.

இனிப் பரிசோதனை. ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) போவதற்கு முன் 14 மணி நேரமாவது பலத்த சத்தத்தைத் தவிர்க்க வேண்டும். முந்தைய இரவு திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனால் தற்காலிகச் சரிவும் தாளில் ஏறும். முதலில் காதுக்குள் பார்த்து, குறும்பி அடைத்திருந்தால் எடுத்த பிறகே சோதிக்க வேண்டும். ஹெட்ஃபோன் அழுத்தத்தில் சிலருக்குக் காதுக்குழாய் மடங்கும், குறிப்பாக முதியவர்களுக்கு. உயர் அதிர்வெண்களில் இல்லாத குறை வரும். காதுக்குள் செருகும் வகை இயர்ஃபோன் வைத்தால் அது சரியாகிவிடும். கதவிடுக்கில் பேச்சு கேட்கும் அறையில் எடுத்த 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் எண்களை நம்ப வேண்டாம்.

கேட்டால் 10 டெசிபல் குறைப்பது, கேட்காவிட்டால் 5 கூட்டுவது என்ற படிகளில் சோதனை நடப்பதால், அடுத்த முறை 5 டெசிபல் மாறி வந்தால் கவலைப்படத் தேவையில்லை. அதே அதிர்வெண்ணில் 10க்கு மேல் மாறினால் கவனிக்கலாம். ‘நார்மல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் சராசரி மட்டும் பார்த்தால் ஏமாற்றும். 5, 10, 10 என்று வந்து சராசரி 8 ஆகும் ஒருவருக்கு 6000 ஹெர்ட்ஸில் 30 இருக்கலாம். 3000, 6000 இரண்டையும் தனியாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் நேரம் மிச்சப்படுத்த விட்டுவிடுவார்கள். 4000ஐ ஒட்டிப் பள்ளம் விழுந்து 8000இல் மீண்டும் ஏறினால் அது பெரும்பாலும் இரைச்சல் விட்ட தழும்பு. வசதி இருந்தால் 9000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரையிலான நீட்டித்த சோதனையும் எடுக்கலாம். வழக்கமான தாளில் குறையே இல்லாமல் இந்த மேல்பகுதியில் மட்டும் இழப்பு உள்ளவர்கள் இரைச்சலில் கூடுதலாகத் திணறுவதாக 2019இல் வந்த ஆய்வு காட்டியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இரைச்சல் நடுவே பேச்சைச் சோதிப்பது. குவிக்சின் என்ற சோதனையில் ஒரு பட்டியலுக்கு 6 வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் 5 முக்கியச் சொற்கள். பின்னணியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு இரைச்சலைவிட 25 டெசிபல் உயரத்தில் தொடங்கி, வாக்கியத்துக்கு 5 வீதம் இறங்கி 0இல் முடியும். 25.5இலிருந்து சரியாகச் சொன்ன சொற்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது இழப்பு. 3 வரை இயல்பு, 3 முதல் 7 வரை லேசான குறை. ஆனால் ஆங்கில வாக்கியங்களை வைத்துத் தமிழ் பேசுபவரைச் சோதித்தால் காதோடு மொழியறிவையும் சேர்த்து அளந்ததாகிவிடும். தமிழ்ச் சொற்கள் அல்லது தமிழ் எண்களைக் கொண்ட சோதனை இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. இந்த மாதிரிச் சோதனைகளில் பாதிக்குப் பாதி புரியும் இடத்தில் ஒரே ஒரு டெசிபல் நகர்ந்தாலும் 10 விழுக்காடு அளவுக்குப் புரிதல் மாறும். 3 டெசிபல் இழப்பு என்பது தாளில் சின்ன எண், சாப்பாட்டு மேசையில் பெரிய எண்.

இரண்டு காதுகளுக்கும் இடையே அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 15 டெசிபல் வித்தியாசம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் குறும்பியாக இருக்கும் என்று ஒரு வாரம் பார்க்கக் கூடாது, அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். சிகிச்சை தாமதமானால் பலன் குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் லேசான குறை இன்னும் கனமானது, ஏனென்றால் ஒட்டுப்போடத் தேவையான சொற்களஞ்சியம் அவர்களிடம் இன்னும் சேரவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் பெஸ் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த அளவு செவித்திறன் இழப்பு உள்ள பள்ளிக் குழந்தைகளில் 37 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு வகுப்பையாவது மீண்டும் படித்திருந்தார்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் 20 முதல் 30 டெசிபல் வரை குறையலாம், ஒரு வாரம் இருக்கும், மறுவாரம் இருக்காது. ‘வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கல’ என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு நடுக்காதின் நிலையைக் காட்டும் டிம்பனோமெட்ரி சோதனை ஒன்றை எடுத்துப் பார்ப்பது நல்லது, சில நிமிட வேலை.

லேசான குறை உள்ள பெரியவருக்கு முதல் வைத்தியம் தூரத்தைக் குறைப்பது. திறந்த வெளியில் 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் பேச்சு 6 டெசிபல் கூடும். அறைக்குள் எதிரொலி காரணமாக அதைவிடக் கொஞ்சம் குறையும். எந்தக் கருவியும் இந்த விலைக்கு இதைத் தராது. ஹோட்டலில் சுவரை ஒட்டி, சமையலறைக்கும் ஸ்பீக்கருக்கும் முதுகைக் காட்டி உட்காருங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உதடு தெரிவதும் டெசிபல்தான். மிக்ஸி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து கேள்வி கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும். கேட்காதபோது ‘என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் முழு வாக்கியமும் அதே வேகத்தில் திரும்ப வரும். ‘யார் வந்தாங்க, அவனா அவளா?’ என்று நழுவிய இடத்தை மட்டும் கேட்டால் பேசுபவர் அந்த வாலை அழுத்திச் சொல்வார்.

இருப்பதைக் காப்பாற்றும் கணக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், ஆக 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இயர்ஃபோனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். தவில், பறை, செண்டை மேளக்காரர்களும் ஸ்பீக்கர் கட்டுபவர்களும் பஞ்சு வைத்துக்கொள்வதில் பயன் மிகக் குறைவு. நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு 20 முதல் 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது அலங்காரம்.

ஆன்லைன் மீட்டிங்கில் திணறுபவர்கள் ப்ளூடூத் ஹெட்செட்டைச் சந்தேகிக்கலாம். பாட்டுக் கேட்கும்போது அது முழு அலைவரிசையில் ஒலிக்கும். மைக்கை இயக்கியதும் பல ஹெட்செட்டுகள் அழைப்பு முறைக்கு மாறி, பழைய வகையில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும், புதிய வகையில் 8000க்கு மேலும் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடும். பழைய தொலைபேசி இணைப்பும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்தான். ச, ஸ, ஃப எல்லாம் ஒரே காற்றாகக் கேட்பது அதனால்தான். வயர் ஹெட்செட்டுக்கு மாறுங்கள். அல்லது ஒலிக்கு ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, மைக்குக்கு மட்டும் லேப்டாப்பில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, திரையில் எழுத்துவரியையும் (கேப்ஷன்) போட்டுக்கொண்டு அதே மீட்டிங்கில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால், தலைகனத்தில் எவ்வளவு காதால் வந்தது, எவ்வளவு மீட்டிங்கால் வந்தது என்று ஓரளவு பிரித்துவிடலாம்.